பாவியாத மின்சாரத்துக்கும் விலையுண்டு



ஒரு பொருளை விற்றுப் பணம் பெறுவது உலக வழக்கு. அப்பொருளைக் குறித்த வேளையிற் பாவியாதிருந்தமைக்காகப் பணம் பெறுவதோ புதுமை. இப்புதுமை நியூயோர்க் மாநகரிலே நிகழ்ந்தது.

ஒரு நகரின் மின்கம்பிகளும் உப மின்நிலையங்களும் சாதாரண நாளின் தேவைக்கேற்ப அமைக்கப்படுவதில்லை. ஆண்டிலே தேவை உச்சமடையும் சில மணித்தியாலங்களைத் தாங்கத்தக்கனவாகவே அவை அமைக்கப்படுகின்றன. கோடைப் புழுக்கத்தில் வீடுதோறும் குளிரூட்டிகள் இயங்கும் அச்சில மணித்தியாலங்களே பெருஞ்செலவுக்குக் காரணமாகின்றன.

புரூக்ளின், குயின்ஸ் பகுதிகளுக்கு மின்சாரம் விநியோகிக்கும் கொன் எடிசன் கம்பனி இந்நெருக்கடியை எதிர்நோக்கியது. 2018ஆம் ஆண்டளவில் கோடைகாலத் தேவை அங்குள்ள மின்னமைப்பின் கொள்ளளவை 69 மெகாவாற்றினால் விஞ்சும் எனக் கணக்கிடப்பட்டது. புதிய உப மின்நிலையமும் அதைச் சார்ந்த வேலைகளும் ஏறத்தாழ 120 கோடி டொலரை விழுங்கும். 2014ஆம் ஆண்டு டிசெம்பரில் மாநிலப் பொதுச் சேவை ஆணைக்குழு வேறொரு வழிக்கு அனுமதியளித்தது. 20 கோடி டொலர் செலவில் 52 மெகாவாற்றுச் சுமையைத் தணிப்பதே அவ்வழி. அதில் 41 மெகாவாற்று, பாவனையாளர் பக்கத்திலிருந்தே வரவேண்டும். எஞ்சிய சுமையை வழமையான முறைகள் தாங்கும்.

சிறு கடைகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் பழைய மின்குமிழ்கள் மாற்றப்பட்டன. மின்கல அடுக்குகள் நிறுவப்பட்டன. 2016ஆம் ஆண்டில் ஓர் ஏலமும் நடைபெற்றது. உச்ச வேளையிற் சுமையைக் குறைக்க முன்வந்தோர் தாம் வேண்டும் விலையைக் கூறினர். குறைந்த விலை கேட்டோர் ஏற்கப்பட்டனர். மாலை நான்கு முதல் எட்டு வரை ஒரு பண்டம். எட்டு முதல் நள்ளிரவு வரை மற்றொரு பண்டம். சிறு துளி பெரு வெள்ளமாயிற்று; புதிய உப மின்நிலையத்தின் தேவை பின்தள்ளப்பட்டது.

இச்சந்தை ஊருக்கே உரியது. தொலைவிலுள்ள வேறொரு பகுதியில் மிச்சம்பிடித்த மின்சாரம், புரூக்ளினிற் சூடேறிய கம்பியைக் குளிர்விக்காது. வாய்க்கால் உடையும் இடத்திலேயே அணை வேண்டும்.

எனினும் ஒரு வினா எஞ்சுகின்றது. விட்டுக்கொடுக்க மிகுதியாக உள்ளவனே மிகுதியாகப் பணம் பெறுகின்றான். ஒரேயொரு விசிறியுடன் வாழும் ஏழை எதனை விற்பான்? இத்திட்டத்தின் செலவோ அவனுடைய கட்டணப் பட்டியலிலும் சேர்கின்றது. பெருஞ்செலவு தவிர்ந்ததால் வரும் இலாபமும் அவ்வாறே அவனைச் சென்றடைதல் வேண்டும். அதனை உறுதிசெய்வது சந்தையின் வேலையன்று. சந்தைக்கு விதி வகுப்போரின் கடமையாகும்.