கீமோ வார்டில் ஒரு ரோஸ்மில்க்

இன்று செவிலியர் பட்டம் பெறும் செல்வங்களே,

'அரங்கேற்ற வேளை' படத்தில் நாடகக் கம்பெனி நடத்தும் வி.கே.ராமசாமியை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதன் மலையாள மூலமான 'ராம்ஜி ராவ் ஸ்பீக்கிங்' படத்தில் அந்த வேடத்தைச் செய்தவர் இன்னசென்ட். கேரளத்தையே சிரிக்க வைத்த அவருக்கு 2012இல் நிணநீர்ப் புற்றுநோய் வந்தது. அவர் மனைவிக்கும் மார்பகப் புற்றுநோய் வந்தது. அந்த நாட்களை அவர் ஒரு புத்தகமாக்கினார். பெயர் 'கான்சர் வார்டிலே சிரி'. 2014இல் சாலக்குடித் தொகுதியில் நின்று நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். 2023 மார்ச்சில் காலமானார்.

நான் அவரை வணங்குவது, நோயை அவர் மறைக்காததற்காக. நம் வீடுகளில் இன்னும் 'கட்டி' என்கிறோம், 'அந்த வியாதி' என்கிறோம். நோயாளிக்குத் தெரியக்கூடாது என்று டாக்டரிடம் கண்ணைக் காட்டுகிறோம். ஊரே அறிந்த ஒரு நடிகர் அந்தப் பெயரை உரக்கச் சொல்லிச் சிரித்தபோது, எத்தனையோ குடும்பங்களுக்கு வாய் திறந்து பேசும் துணிவு வந்திருக்கும்.

ஆனால் சிரித்ததால் அவர் பிழைத்தார் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். அவரைக் காத்தது மருந்து. தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 1,093 பேரைத் தொடர்ந்து கவனித்து, ஜேம்ஸ் கோயின் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நோயாளியின் மனநிலைக்கும் ஆயுளுக்கும் அதில் தொடர்பு தென்படவில்லை. இதை நான் நல்ல செய்தியாகவே பார்க்கிறேன். அழுகிற நோயாளி தன் சிகிச்சையைக் கெடுத்துக்கொள்ளவில்லை. நோய் திரும்பி வந்தால், 'நீங்க தைரியமா இல்ல' என்று அவர்மேல் பழி போட யாருக்கும் உரிமை இல்லை.

அப்படியானால் சிரிப்பு எதற்கு? டாக்ஸோரூபிசின் மருந்தைப் பார்த்திருப்பீர்கள், நல்ல சிவப்பு. ஊசியில் அதை ஏற்றிக்கொண்டு வந்த செவிலியரைப் பார்த்து ஒரு பாட்டி கேட்டார்: "ஏம்மா சிஸ்டர், ரோஸ்மில்க்ல ஐஸ் போடலியா?" வார்டே சிரித்தது. செவிலியரும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த கையோடு, "பாட்டி, ஒண்ணு ரெண்டு நாளைக்கு சிறுநீரும் சிவப்பாப் போகும், ரத்தம்னு பயந்துடாதீங்க" என்றார். பாட்டி நிம்மதியாகக் கையை நீட்டினார். வெறும் கேஸ் ஷீட்டாகப் படுத்திருந்தவர் அந்த ஒரு நிமிடம் மறுபடி தன் வீட்டுப் பாட்டியாகிவிட்டார். சிரிப்பு செய்கிற வேலை அதுதான். மருத்துவத்தில் அது சின்ன வேலை இல்லை.

அதே பாட்டி அடுத்தமுறை வாயெல்லாம் புண்ணோடு வந்தார். தண்ணீர்கூட இறங்கவில்லை. நலம் விசாரிக்க வந்த உறவினர், "பாசிட்டிவா இருங்க பெரியம்மா, சிரிங்க" என்றார். பாட்டி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். சொன்னவரின் அன்பில் குறையில்லை. ஆனால் அன்றைக்குப் பாட்டிக்கு வேண்டியிருந்தது வலிக்கு மருந்தும், அவர் முனகலைக் கேட்க ஒரு காதும்தான்.

நகைச்சுவையைத் தொடங்கும் உரிமை படுக்கையில் இருப்பவருக்கே உண்டு. மொட்டைத் தலையைப் பற்றி அவர் கிண்டலடித்தால் நீங்களும் சேர்ந்து சிரியுங்கள், நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். 'கரண்ட் வைக்கப் போறாங்களாமே' என்று ஒருவர் நடுங்கினால், கதிர்வீச்சு கொடுக்கும்போது ஷாக் அடிக்காது என்பதை முதலில் புரிய வையுங்கள். பயம் தெளிந்த பிறகு சிரிப்பு தானாக வரும்.

செல்வங்களே, நாளை வார்டுக்குள் நுழையும்போது 'தைரியமா இருங்க' என்று சொல்வதற்கு முன் 'ராத்திரி தூங்கினீங்களா?' என்று கேளுங்கள். பதில் வரும்வரை நில்லுங்கள். கீமோ முடிந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவரிடமும், காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.