கம்ப்யூட்டர் சயின்ஸ்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

(பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்காக நமது அறக்கட்டளை நடத்திய உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில், கல்விக் குழு சார்பில் ஆற்றிய உரை)



ரிசல்ட் வந்த நாளிலிருந்து நம் அலுவலகத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு எந்தக் கல்லூரி நல்லது?" சிலர் கேள்வியோடு வருவதில்லை, முன்பணம் கட்டிய ரசீதோடு வருகிறார்கள். அவர்களை நினைத்துத்தான் நமக்குக் கவலை.

சென்ற ஆண்டு ஒரு தகப்பனார் வந்தார். கவுன்சலிங் தொடங்கும் முன்பே மகளுக்கு ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்துவிட்டார். மீதிப் பணத்துக்கு நகையை அடகு வைத்து வட்டிக்கு வாங்குவதா என்று தவித்தார். முந்தைய ஆண்டுப் பட்டியலை எடுத்துப் பார்த்தோம். பி.சி.எம். பிரிவில் அந்தப் பிள்ளையைவிடக் குறைந்த கட்ஆஃப் எடுத்தவர்களுக்கு அரசுக் கல்லூரியிலேயே கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்திருந்தது. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைக்கக் கூடாது என்பது யு.ஜி.சி. விதி. அதைச் சொல்லிச் சான்றிதழ்களை மீட்டார். முன்பணம் முழுதாகத் திரும்பவில்லை.

2007 முதல் தமிழ்நாட்டில் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது. நம் பிள்ளைகள் முதலில் பொதுப் பிரிவில் போட்டியிடுகிறார்கள். அதில் கிடைக்காவிட்டால்தான் இந்த இடங்கள். 6ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இந்தக் கவுன்சலிங்கில் வருவதில்லை. அங்கே போனால் இந்தச் சலுகைகளையெல்லாம் விட்டுவிட்டுத்தான் போகிறோம்.

விருப்பப் பட்டியலை நிரப்பும்போது கஞ்சத்தனம் வேண்டாம். பட்டியலின் மேலிருந்து கீழாகப் பார்த்து, உங்கள் தரவரிசைக்கு எது முதலில் காலியாக இருக்கிறதோ அதைத்தான் தருவார்கள். ஐம்பது கல்லூரி எழுதினாலும் மேலே உள்ளதற்கு வாய்ப்பு குறையாது. ஐந்து மட்டும் எழுதிவிட்டு, அந்தச் சுற்றில் ஒன்றுமே கிடைக்காமல் நிற்பவர்கள் உண்டு.

கல்லூரியை எப்படி எடைபோடுவது? நாக் என்பது கல்லூரி முழுவதற்குமான தரச்சான்று. என்.பி.ஏ. என்பது ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி. ஆகவே "எங்களிடம் என்.பி.ஏ. இருக்கிறது" என்றால், "கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இருக்கிறதா?" என்று கேளுங்கள். நல்ல நிலையில் உள்ள கல்லூரிகளுக்கு இருந்த இட உச்சவரம்பை 2024-25இல் ஏ.ஐ.சி.டி.இ. நீக்கிவிட்டது. இடங்களைக் கூட்டிய கல்லூரி, ஆசிரியர்களையும் ஆய்வகங்களையும் கூட்டியதா என்று அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகளிடம் விசாரியுங்கள். வளாகத் தேர்வில் அதிகச் சம்பளம் வாங்கிய ஒருவரின் படத்தை பேனரில் போடுவார்கள். அந்தத் துறையில் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற கணக்கைக் கேட்டால்தான் முகம் மாறும்.

ஐ.டி. கிடைத்தால் அழ வேண்டியதில்லை. டேட்டா ஸ்ட்ரக்சர், ஆபரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க் எல்லாம் அங்கேயும் படிக்கலாம். பெயர் தெரியாத கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸைவிட நல்ல கல்லூரியில் ஐ.டி. மேல் என்பது எங்கள் கருத்து. கட்ஆஃப் குறைந்தவர்கள் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. முடித்து, டான்செட் எழுதி, இரண்டாண்டு எம்.சி.ஏ. சேரலாம். செலவு எவ்வளவோ குறைவு.

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. தூரம் என்று மட்டும் சொல்லி நல்ல இடத்தை விட்டுவிடாதீர்கள். மகளையும் அழைத்துக்கொண்டு போய் விடுதியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று, இது அவசரம். சாதிச் சான்றிதழில் வெறும் 'முஸ்லிம்' என்று இருந்தால் போதாது. லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் இதில் அடக்கம்), தக்கனி, ஷேக், சையது, மாப்பிள்ளை, அன்சார், தூதேகுலா என அரசுப் பட்டியலில் உள்ள ஏழு பிரிவுகளில் ஒன்று இருக்க வேண்டும். இப்போதே எடுத்துப் பாருங்கள். திருத்தம் தேவைப்பட்டால் ஞாயிறு லுஹருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வாருங்கள். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க நம் இளைஞர்கள் உடன் வருவார்கள்.