மேற்பார்வை என்பது ஆணையிடுதல் அன்று
(கிரின்ஸ்டெட் வாழ் தமிழ்த் தொழிலாளருக்கான உரையின் எழுத்து வடிவம்)



1980களின் நடுப்பகுதியில் இலங்கையிலிருந்து டென்மார்க்கிற்கு ஏதிலிகளாக வந்த தமிழருட் பலர், யூலாந்தின் சிறு நகரங்களில் தொழிற்சாலை வேலையுடனேயே புதுவாழ்வைத் தொடங்கினர். நேரந் தவறாமையும் கடின உழைப்பும் எதிர்த்துப் பேசாத பணிவும் அவர்களுக்கு நற்பெயர் ஈட்டித் தந்தன. ஆயினும், நல்ல தொழிலாளி எனப் பெயர் வாங்கித் தந்த அதே மௌனம், ஒருவர் மேற்பார்வையாளராகும் நாளில் அவருக்குத் தடையாகி விடுகின்றது.

புதிதாகப் பொறுப்பேற்பவர் முதலில் அறிய வேண்டியது தாம் நிற்கும் இடத்தை. 1899ஆம் ஆண்டு, மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்த கதவடைப்பின் பின் செப்டெம்பர் உடன்படிக்கை கைச்சாத்தானது. வேலையை நெறிப்படுத்திப் பங்கிடும் உரிமை முதலாளிக்கு உண்டெனத் தொழிற்சங்கங்கள் ஏற்றன. தொழிலாளர் சங்கமாகத் திரளும் உரிமையை முதலாளிமார் ஏற்றனர். இவ்விரு உரிமைகளும் சந்திக்கும் இடத்திலேயே மேற்பார்வையாளர் நிற்கின்றார். ஆகவே, தொழிற்சங்கப் பிரதிநிதி அவருக்குப் பகைவர் அல்லர். வேலை ஒழுங்கில் மாற்றம் வருமுன் கலந்து பேசவேண்டிய முதல் மனிதர் அவரே.

இரண்டாவது, பாதுகாப்பு. 1975ஆம் ஆண்டின் தொழிற்சூழல் சட்டம் மேற்பார்வையாளர்மீது நேரடிக் கடமையைச் சுமத்துகின்றது. ஆபத்தான குறைபாடு கண்ணிற் பட்டால் அதனை நீக்க முயலவேண்டும். அவ்விடத்திலேயே இயலாவிடின் தாமதமின்றி முதலாளிக்கு அறிவிக்க வேண்டும். இக்கடமையின் கனத்தைக் கிரின்ஸ்டெட் நன்கறியும். 1924இல் இங்கு நிறுவப்பட்ட இரசாயனத் தொழிற்சாலையின் கழிவுகள், 1956 முதல் 1973 வரை, மேற்குக் கரையோரத்துக் கேர்கோர் மணற்குன்றுகளிற் கொட்டப்பட்டன. அதற்கு அதிகாரிகளின் அனுமதியும் இருந்தது. அனுமதி உண்டு என்பதால் ஆபத்து இல்லை என்றாகி விடாது. கேள்வி கேட்கும் துணிவு மேற்பார்வையாளருக்கு வேண்டும்.

மூன்றாவது, கேட்கும் கலை. "விளங்கியதா?" என்றால் எவரும் தலையசைப்பர். மொழி முழுதும் விளங்காத நாட்களில் தமிழர் பலரும் அவ்வாறே தலையசைத்தவர்கள். "இதை எப்படிச் செய்யப் போகின்றீர்கள்?" என்று வினவி, மறுமொழிக்குக் காத்திருப்பதே முறை.

நான்காவது, உறவு. நேற்றுவரை அருகில் நின்று வேலை செய்த மூத்தவர் இன்று கீழே பணிபுரிவார். அவரை 'அண்ணை' என்று அழைப்பதில் தவறில்லை. அந்த அழைப்புக்காக அவருக்கு இலகுவான வேலையை ஒதுக்குவதே தவறு. தமிழருக்குச் சலுகை காட்டினால் டேனியர் நம்பிக்கை இழப்பர். டேனியரிடம் நல்லவராகத் தோன்றத் தமிழரிடம் கடுமை காட்டினால் தமிழர் நம்பிக்கை இழப்பர். சமநீதி ஒன்றே இருசாராரையும் இணைக்கும்.

இவை பிறவிக் குணங்கள் அல்ல. கற்றுக் கொள்ளக் கூடியவை. ஏ.எம்.யு. எனப்படும் தொழிற்பயிற்சித் திட்டத்தில் அடிப்படைத் தலைமைத்துவக் கல்வியும் அடங்கும். தொழிற்சூழல் அமைப்புக்குத் தெரிவாவோர் மூன்று மாதங்களுக்குள் மூன்று நாட் பயிற்சியை முடித்தல் கட்டாயம்.

பதவி வரும்வரை காத்திராது இன்றே கற்கத் தொடங்குவோரை, வாய்ப்பு வரும் நாள் ஆயத்தமானவராகவே காணும்.