மஜ்ஜையும் மாசும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டுதோறும் இம்மேடையில் கம்பனையும் வள்ளுவரையும் பற்றிக் கேட்டு மகிழ்வது நம் வழக்கம். இவ்வாண்டு விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பற்றியும் ஒருவர் பேசவேண்டும் என்று செயற்குழுவினர் விரும்பி, அப்பணியை என்னிடம் ஒப்புவித்தனர். நான் ரயில்வே குமாஸ்தா. பள்ளி இறுதி வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எனினும், பெற்ற ஊரை விட்டு வந்து வாழும் நம் காலனியில், மோட்டார்ப் பட்டறையிலும் பெட்ரோல் நிலையத்திலும் வர்ணம் பூசும் வேலையிலும் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் பலர் உளர். நூல்களில் நான் படித்தறிந்த ஒரு செய்தி அவர்களுக்குப் பயன்படும் என்ற துணிவினாலேயே உங்கள் முன் நிற்கின்றேன்.

எலும்பு என்றவுடன், உடலைத் தாங்கும் தூண் என்றே நாம் எண்ணுகிறோம். அத்தூணுக்குள்ளே ஒரு பெருந்தொழிற்சாலை இரவு பகல் ஓய்வின்றி நடைபெறுவதை எண்ணுவதில்லை. இடுப்பெலும்பு, மார்பெலும்பு, முதுகெலும்பு, விலாவெலும்பு ஆகியவற்றின் உள்ளே மென்மையான சிவந்த மஜ்ஜை நிறைந்துள்ளது. நம் உடலின் இரத்த அணுக்கள் பிறக்கும் இடம் அதுவே. சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாட்கள். இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்கள் பத்து நாட்களுக்குள் மடிந்துவிடும். மடிவனவற்றை ஈடுசெய்ய, நாள் ஒன்றுக்குச் சுமார் 20,000 கோடிச் சிவப்பணுக்களை மஜ்ஜை உண்டாக்குகிறது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு வினாடிக்கு 20 லட்சத்திற்கும் அதிகம்!

இத்தனை அணுக்களும் எவ்வாறு உண்டாகின்றன? ஓரணு இரண்டாகப் பிரிகிறது, இரண்டு நான்காகின்றன. ஒவ்வொரு முறை பிரியும்போதும், அணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ. என்னும் இழை முழுவதும் பிரதி எடுக்கப்படவேண்டும். அதுவே உடலின் மூலச்சுவடி. நான்கே எழுத்துக்களால் ஆகிய அச்சுவடியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. தாய்வழி ஒரு படி, தந்தைவழி ஒரு படி என இரண்டு படிகள் ஒவ்வோர் அணுவிலும் இருக்கின்றன. முறுக்கிய இரட்டை வடம் போன்ற அதன் அமைப்பை வாட்சனும் கிரிக்கும் 1953-இல் உலகிற்கு அறிவித்தனர்.

பேரேட்டைப் பார்த்துப் பிரதி எழுதுகிறவனுக்கு ஓர் உண்மை தெரியும். மூலத்தில் ஓர் எண் அழிந்தோ கறைபட்டோ இருந்தால், பிழை பிரதியிலும் ஏறிவிடும்; பிரதியின் பிரதியிலும் தொடரும். எந்த அலுவலகத்தில் பிரதி வேலை அதிகமோ, அங்கே பிழைக்கும் இடம் அதிகம். ஓயாமல் பிரதி எடுக்கும் மஜ்ஜையும் அத்தகையதே. ஆகவேதான், டி.என்.ஏ.வைச் சிதைக்கும் பொருள்கள் உடலில் நுழையும்போது மஜ்ஜை எளிதில் ஊறுபடுகிறது.

அத்தகைய பொருள்களில் ஒன்றாகிய பென்சீனைப் பற்றி மட்டும் இன்று கூறுகின்றேன். புத்தகம் கட்டும் தொழில் பழகிய ஏழைச் சிறுவனாக வாழ்வைத் தொடங்கிப் பேரறிஞராக உயர்ந்த மைக்கேல் பாரடே, 1825-இல் விளக்கு எரிக்கும் வாயுவின் எண்ணெய்க் கசடிலிருந்து இதைப் பிரித்தெடுத்தார். நிறமற்றது, இனிய மணமுள்ளது, விரைவில் ஆவியாவது. ரப்பரையும் பசையையும் நன்கு கரைக்கும். எனவே தொழிற்சாலைகள் அதை விரும்பி ஏற்றன. அதன் மறுபக்கம் விரைவில் வெளிப்பட்டது. 1897-இல் ஸ்வீடன் நாட்டில், சைக்கிள் டயர் செய்யும் சாலையில் வேலை செய்த இளம்பெண்கள் சிலர் இரத்தம் குன்றி நோயுற்றனர், உயிரிழந்தோரும் உண்டு. அவர்களைப் பற்றிச் சாண்டஸன் என்னும் அறிஞர் எழுதிவைத்தார். 1928-இல் பிரான்ஸ் நாட்டு மருத்துவர் இருவர், பென்சீனோடு பழகிய தொழிலாளி ஒருவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதை வெளியிட்டனர்.

ஆயினும் உலகம் விழித்துக்கொள்ள நெடுநாள் ஆயிற்று. துருக்கி நாட்டின் இஸ்தான்புல் நகரில் சிறு சிறு அறைகளில் அமர்ந்து செருப்புத் தைக்கும் தொழிலாளர் பல்லாயிரவர் இருந்தனர். காற்றோட்டமில்லாத அவ்வறைகளில் பென்சீன் கலந்த பசையைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உழைத்தனர். அந்நகரத்து மருத்துவர் முசாபர் அக்சோய், தம்மிடம் இரத்த நோயோடு வருகிறவர்களில் செருப்புத் தொழிலாளர் மிகுந்திருப்பதைக் கவனித்தார். ஒவ்வொருவரையும் 'என்ன வேலை செய்கிறாய்?' என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். 28,500 தொழிலாளருள் 26 பேருக்கு இரத்தப் புற்றுநோயோ அதன் முன்னிலையோ கண்டிருந்ததை 1974-இல் வெளியிட்டார். பொதுமக்களிடையே லட்சத்திற்கு ஆண்டுதோறும் 6 பேருக்கு வரும் நோய், இவர்களிடையே 13 பேருக்கு வந்தது. பசையிலிருந்து பென்சீன் நீக்கப்பட்டபின், சில ஆண்டுகளில் நோயுற்று வருவோர் தொகை குறைந்தது. அன்பர்களே! இந்தக் கடைசி வாக்கியத்தை மறவாதீர்கள். காரணத்தை நீக்கினால் நோய் குறைகிறது.

பென்சீன் மஜ்ஜையை எவ்வாறு தாக்குகிறது? மூச்சின் வழியாகவும், ஓரளவு தோலின் வழியாகவும் அது இரத்தத்தில் கலக்கிறது. அந்நியப் பொருளை வெளியேற்றக் கருதிய கல்லீரல், அதை நீரில் கரையும் பொருளாக மாற்ற முயல்கிறது. இம்முயற்சியில் பீனால், ஹைட்ரோகுயினோன் முதலிய பொருள்கள் பிறக்கின்றன. இவற்றில் ஒரு பகுதி சிறுநீரோடு வெளியேறும். மறு பகுதி மஜ்ஜையைச் சென்றடைகிறது. கிருமிகளைக் கொல்வதற்காக மஜ்ஜை அணுக்களில் உள்ள ஒரு நொதி, அப்பொருளைக் குயினோன் என்னும் கொடிய பொருளாக மாற்றிவிடுகிறது. காவலுக்கு வைத்த வாளே வீட்டாரை வெட்டியதுபோல் ஆகிறது! குயினோன் டி.என்.ஏ. இழைகளை அறுக்கிறது. இழைகள் பிரதி எடுக்கும்போது முறுக்கவிழ உதவும் நொதியையும் முடக்குகிறது. அறுந்த துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன.

இந்தச் சேதத்தைக் கண்ணால் காணவும் வழி உண்டு. சிவப்பணு முதிரும்போது தன் உட்கருவை வெளியே தள்ளிவிடும். டி.என்.ஏ. அறுந்திருந்தால், ஒரு சிறு துணுக்கு மட்டும் உள்ளே தங்கிவிடும். சுண்டெலியின் மஜ்ஜையை எடுத்துச் சாயமிட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், அத்துணுக்கு ஒரு புள்ளிபோல் தெரியும். அப்புள்ளிகளை எண்ணியே ஒரு பொருள் டி.என்.ஏ.வைச் சிதைக்குமா என்று அறிகின்றனர். 1970-களில் உருவான இம்முறை, புதிய மருந்துகளையும் இரசாயனங்களையும் சோதிக்க இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

இதைக் கேட்டு யாரும் நடுங்க வேண்டுவதில்லை. ஒவ்வோர் அணுவிலும் ஒவ்வொரு நாளும் பல்லாயிரம் சிறு சேதங்கள் இயல்பாகவே நேர்கின்றன. அவற்றைத் தேடித் திருத்தும் நொதிகளையும் இயற்கை நமக்கு அளித்திருக்கிறது. அத்திருத்தும் வகையை ஆராய்ந்த லிண்டால், மோட்ரிச், சன்ஜார் ஆகிய மூவர்க்கும் 2015-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவர்களுள் அசீஸ் சன்ஜார், அக்சோய் பணியாற்றிய அதே இஸ்தான்புல் நகரில் மருத்துவம் பயின்றவர். திருத்த முடியாத அளவு சிதைந்த அணு, பெரும்பாலும் தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும். அவ்வாறு மாயும் அணுக்கள் மிகுந்தால் இரத்தம் குன்றும். மாயாமலும் திருந்தாமலும் தப்பிய ஓரணு கட்டுக்கடங்காமல் பெருகினால், அதுவே இரத்தப் புற்றுநோய்.

'எங்கள் பாட்டனார் வாழ்நாளெல்லாம் சுருட்டுப் பிடித்தார். தொண்ணூறு வயது வாழ்ந்தாரே' என்று சிலர் கேட்பதுண்டு. தண்டவாளத்தின் குறுக்கே நாள்தோறும் நடந்தும் அடிபடாதவர்கள் உண்டு. அதனால் தண்டவாளம் நடைபாதையாகிவிடுமா? தப்பியவரை மட்டும் எண்ணி, தப்பாதவரை எண்ணாமல் விடுவது கணக்காகாது.

பென்சீன் நமக்கு எட்டாத பொருளன்று. பெட்ரோலில் உள்ளது. நம் நாட்டில் முன்பு 5 சதவிகிதம் வரை அனுமதிக்கப்பட்டிருந்தது; இப்போது 1 சதவிகிதத்திற்கு மேற்படலாகாது என்பது விதி. சிகரெட், பீடிப் புகையில் உள்ளது. குப்பையும் விறகும் எரியும் புகையிலும் உள்ளது. வெளிக்காற்றில் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று 2009-இல் நம் அரசு வரையறுத்தது. இந்த அளவுக்குக் கீழே அறவே தீங்கில்லை என்று சொல்லத்தக்க எல்லை எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சீனாவில் தியான்ஜின் நகரத்துச் செருப்புத் தொழிலாளர் 250 பேரைச் சோதித்து 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியும் இதையே காட்டிற்று. காற்றில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான பென்சீனைச் சுவாசித்தவர்களிடத்தும் வெள்ளணுக்கள் குறைந்திருந்தன.

ஆகவே, பட்டறையில் உழைக்கும் தம்பிகளே, உங்களிடம் சில வேண்டுகோள்கள். கையிலுள்ள கிரீஸையும் வர்ணத்தையும் பெட்ரோலால் கழுவும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். தேங்காயெண்ணெய் தேய்த்துச் சீயக்காய்ப் பொடியிட்டுக் கழுவினால் அதே கறை போகும். நம் தாய்மார் அறியாத வித்தையா இது! குழாயை வாயில் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சி இறக்காதீர்கள். பசையும் வர்ணமும் கையாளும் இடத்தில் கதவு ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். டப்பாவை மூடி வையுங்கள். பெட்ரோல் பட்ட உடையோடு வீட்டிற்கு வந்து குழந்தையைத் தூக்காதீர்கள். புகைப்பதை விட்டொழியுங்கள்.

தாய்மார்களுக்கும் ஒரு சொல். இத்தகைய வேலை செய்யும் பிள்ளை காரணமின்றி வெளிறிப் போனாலும், அடிக்கடி காய்ச்சல் கண்டாலும், பல் ஈறில் இரத்தம் கசிந்தாலும், அடிபடாமலே உடலில் நீலத் திட்டுக்கள் தோன்றினாலும் தாமதிக்க வேண்டாம். வெளிறிப்போதல் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவாகவே இருக்கும். வீண் அச்சம் கூடாது. எனினும் இரத்த அணுக்களை எண்ணும் எளிய சோதனை ஒன்றைச் செய்துவிடுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், பிள்ளை என்ன வேலை செய்கிறான் என்பதை நீங்களே சொல்லுங்கள். அக்சோய் கண்டறிந்த பேருண்மை அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கும் பெரியோர்களும் இங்கு இருக்கிறீர்கள். ஏழைத் தொழிலாளி தான் சுவாசிக்கும் காற்றைத் தேர்ந்தெடுக்க இயலாது. அது முதலாளியின் கையில் இருக்கிறது. ஒரு ஜன்னலும், ஒரு மின்விசிறியும், ஒரு ஜோடி கையுறையும் பெருஞ்செலவல்ல.

நோயெல்லாம் விதி என்று இருந்துவிடுவது நம்மவரிடையே உள்ள பழக்கம். எல்லா இரத்தப் புற்றுநோய்க்கும் காரணம் புலப்பட்டுவிடவில்லை என்பது மெய்யே. ஆனால் காரணம் புலப்பட்ட பகுதியில் விதிக்கு இடமில்லை. இஸ்தான்புல் செருப்புத் தொழிலாளர் தம் உயிரை விலையாகக் கொடுத்து உலகிற்கு அளித்த பாடம் இது. அதைக் கேட்டும் நடவாமல் இருப்போமாயின், அவர்கள் கொடுத்த விலையை நம் பிள்ளைகள் மறுபடியும் கொடுக்க நேரும். அவ்வாறு நேராமல் காப்போமாக.