ஒரே கோதுமை, ரெண்டு நாடு: ஜெர்மனி பீரும் பெல்ஜியம் பீரும்

பெங்களூர்ல ஏதாவது ஒரு ப்ரூபப் மெனுவை எடுத்துப் பாருங்க. பெரும்பாலும் ரெண்டு கோதுமை பீர் கண்ணுல படும். ஒண்ணு ஹெஃபவைஸன், இன்னொண்ணு விட்பியர். ரெண்டுமே கலங்கலா, வெளிர் மஞ்சளா இருக்கும். முதலாவது ஜெர்மனியில பவேரியாவோடது. ரெண்டாவது, பக்கத்து நாடான பெல்ஜியத்தோடது.

குடிச்சுப் பார்த்தா வித்தியாசம் தெரியும். ஹெஃபவைஸன்ல வாழைப்பழ வாசனை வரும், பின்னாடியே லேசா கிராம்பு. ஆனா உள்ள வாழைப்பழமும் கிடையாது, கிராம்பும் கிடையாது. ரெண்டு வாசனையும் ஈஸ்ட் உண்டாக்குறதுதான். விட்பியர்ல ஆரஞ்சு வாசனை வரும். அதுல நிஜமாவே ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும், அதாங்க நம்ம தனியா, போடறாங்க.

ஒருத்தர் போடறார், இன்னொருத்தர் ஏன் போடல? பதில் ஒரு பழைய சட்டத்துல இருக்கு.

1516 ஏப்ரல் 23. பவேரியாவை ஆண்ட டியூக்குகள் இங்கோல்ஷ்டாட் நகரத்துல ஒரு உத்தரவு போட்டாங்க. பீருக்கு பார்லி, ஹாப்ஸ், தண்ணி மட்டும்தான். இதுக்குப் பேர் ரைன்ஹைட்ஸ்கெபோட், அதாவது தூய்மைச் சட்டம். ஈஸ்ட் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல. பீரை என்ன விலைக்கு விக்கணும்னும் அதே உத்தரவு சொல்லுது. கோதுமை ரொட்டிக்கு வேணும், பீருக்குப் போகக் கூடாதுங்கறதும் ஒரு காரணம்னு சொல்றாங்க. ஆக, இது தூய்மைக்காக மட்டும் போட்ட சட்டம் இல்ல.

சரி, பார்லி மட்டும்னா கோதுமை பீர் எப்படி வந்துச்சு? அதுதான் வேடிக்கை. அதுக்கு தனி உரிமை இருந்தது. 1602ல அந்த உரிமை டியூக் மாக்ஸிமிலியன் கைக்கு வந்துச்சு. சட்டம் போட்ட அதே வம்சம், அந்த பீர்லயே நல்ல காசு பார்த்தது!

1906ல இந்தச் சட்டம் ஜெர்மனி முழுக்க வந்துச்சு. அதோட வடக்குப் பக்கம் இருந்த மசாலா பீர், பழ பீர் பலதும் ஒதுங்கிப் போச்சு. அதே நேரம், மத்த எதையும் சேர்க்க முடியாததால ஈஸ்டையும் மால்ட்டையும் வச்சே ஜெர்மன்காரங்க வித்தை காட்டினாங்க. அந்த வாழைப்பழ வாசனை அப்படிப்பட்ட வித்தைதான். வெளிநாட்டு பீருக்கும் இதே விதி வைக்கக் கூடாதுன்னு 1987ல ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிடுச்சு.

பெல்ஜியத்துல இப்படி ஒரு கட்டுப்பாடு இல்ல. தனியா போடலாம், செர்ரி போடலாம். அப்போ அங்க எல்லாமே பிழைச்சிருக்கணும்தானே? அதான் இல்ல. லாகர் அலையில விட்பியர் அடிச்சுட்டுப் போயிடுச்சு. ஹூகார்டன் ஊர்ல இருந்த கடைசி விட்பியர் ஆலையை 1957ல மூடிட்டாங்க. பல வருஷம் கழிச்சு, 1966ல, அதே ஊர்ல பியர் செலிஸ்னு ஒருத்தர் மறுபடி காய்ச்ச ஆரம்பிச்சார். முன்னாடி அவர் பால்காரர். இன்னிக்கு நம்ம ஊர்ல கிடைக்கற ஹூகார்டனுக்கு அதுதான் தொடக்கம்.

பவேரியாவுலயும் இதே கதைதான். 19ஆம் நூற்றாண்டுல கோதுமை பீருக்கு மவுசு குறைஞ்சு போச்சு. 1872ல கியோர்க் ஷ்னைடர்னு ஒரு ப்ரூவர், அதைக் காய்ச்சற உரிமையை அரச குடும்பத்துக்கிட்ட இருந்து வாங்கித் தொடர்ந்தார்.

கறாரான சட்டம் ஒரு பீரைக் காப்பாத்தல. சுதந்திரமும் இன்னொரு பீரைக் காப்பாத்தல. ரெண்டு பக்கமும், இது போயிடக் கூடாதுன்னு நினைச்ச ஒரு ஆள் இருந்தார், அவ்வளவுதான். அதனால ‘சுத்தமான பீர்’னு யாராவது பெருமை பேசினா, பக்கத்து நாட்டு கிளாஸையும் ஒருவாய் குடிச்சுப் பாருங்க. குடிச்சுட்டு வண்டி மட்டும் எடுக்காதீங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.