படத்தில் விழாத பக்கம்

(ஒன்றுகூடலில் சங்கத்தின் சித்திரக் குழு சார்பில் ஆற்றிய உரை)



நூற்றாண்டுக்காக நாங்கள் உங்களிடம் முதலில் கேட்டது காசு அல்ல, ஒரு போட்டோ. உங்களால் எறிய முடியாத ஒரு வீட்டுப் பொருளின் போட்டோ. அதைப் பார்த்து இன்றைய மாணவிகள் சித்திரம் வரைவார்கள் என்றோம். றங்குப்பெட்டி வந்தது, சுளகு வந்தது, டொக்யாட்டுக்கு அப்பா கொண்டுபோன சாப்பாட்டுக் கரியர் வந்தது. நகைப் படம் ஒன்றுகூட வரவில்லை. (அடகில் இருப்பதைப் படம் எடுப்பது கஷ்டம்தான்.)

முதல் கிழமை பிள்ளைகள் போட்டோவை அப்படியே பிரதி பண்ணினார்கள், ஃபிளாஷ் வெளிச்சத்தின் வெள்ளைப் பொட்டு உட்பட. பிறகு ஒரு விதி வைத்தோம்: பென்சிலை எடுக்குமுன் பொருளுக்கு உரியவரோடு தொலைபேசியில் கதைக்க வேண்டும். ஒரு மூக்குப்பேணிப் படத்தில் மூக்கு மறுபக்கம் திரும்பியிருந்ததால் வெறும் செம்புபோலத் தெரிந்தது. வரைந்த பிள்ளை, "அன்ரி, மூக்கு எதற்கு?" என்று கேட்டாள். வாய் படாமல் குடிக்க என்றார் அவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வேலைக்கு வந்த ஆட்களுக்கு நாங்கள் அதில் கொடுக்கவில்லை பிள்ளை, சிரட்டையில்தான் கொடுத்தோம்" என்றும் சொன்னார். சித்திரத்தில் பேணிக்குப் பக்கத்தில் ஒரு சிரட்டையும் இருக்கிறது. வரையச் சொன்னவர் அவரேதான்.

இந்த வழியில் நமக்கு முன்னே நடந்தவர் யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன். கனடாவில் வாழும் நம்மவர்களிடம் வீட்டை நினைவூட்டும் பொருள்களைக் கேட்டு வாங்கி, கண்ணாடிப் போத்தல்களில் இட்டு, 2010இல் வன்கூவர் மானிடவியல் அருங்காட்சியகத்தில் வைத்தார். 2011இல் வந்த அவரது நூலின் பெயரில் 'தோம்பு' என்ற சொல் உண்டு; ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடு அது. இடம்பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் இழந்த வீட்டின் வரைபடத்தை நினைவிலிருந்தே கீறிக் கொடுத்தார்கள். அவற்றோடு, அவர்கள் சொன்ன கதைகளிலிருந்து அவர் வரைந்த சித்திரங்களும் அந்நூலில் உள்ளன.

அந்த நூல் எங்களுக்கு ஒன்றை உறைக்க வைத்தது. வந்த போட்டோக்களில் மிகக் குறைவானவை இந்த ஊரிலிருந்துதான். ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போனவர்களிடம் பேணி இருக்கிறது. 1990இல் உடுத்த உடையோடு ஓடியவரிடமும், 2004 டிசம்பர் 26 அன்று கடல் வீட்டுக்குள் வந்தவரிடமும் படம் எடுக்க என்ன இருக்கிறது? போட்டோ கேட்பது, இருப்பவர்களிடம் மட்டும் கேட்பதாகிவிடுகிறது.

அதனால் அவர்களை வகுப்புக்கே அழைத்தோம். அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் வரைந்தார்கள். கடற்கரையோரம் குடியிருந்த ஓர் அக்கா தன் தையல் மெஷினை நாலு தரம் அழிக்க வைத்தார். சில்லின் பக்கம் பிழை, லாச்சியின் பிடி பிழை. ஐந்தாம் தரம் ஒன்றும் சொல்லாமல் கைவிரலால் அந்தப் பிடியைத் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு வகைச் சித்திரங்களையும் மண்டபத்தில் கலந்தே மாட்டியிருக்கிறோம். எது போட்டோ பார்த்து வரைந்தது என்று எழுதி ஒட்டவில்லை.

வேலை இன்னும் முடியவில்லை. இனி அனுப்புகிறவர்கள் பித்தளையைப் புளி போட்டு மினுக்கிவிட்டு எடுக்க வேண்டாம். கறையும் நெளிவும்தான் எங்களுக்குத் தேவை. ஃபிளாஷ் இல்லாமல் யன்னலோரப் பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பொருள் இல்லாதவர்கள் தொலைபேசி எண்ணை மட்டும் தாருங்கள். சனிக்கிழமைகளில் பிள்ளைகள் கூப்பிடுவார்கள்.