லயத்துப் பிள்ளையின் முதல் மிடறு



சம்பள நாளன்று அப்பன் காசு கொடுத்துப் போத்தல் வாங்கிவரச் சொல்வதும், பதினான்கு வயது மகன் வழியில் ஒரு மிடறு சுவைத்துப் பார்ப்பதும் அட்டன், நுவரெலியாத் தோட்டங்களில் நாம் காணாத காட்சியன்று. 21 வயது நிரம்பாதவர்க்கு மது விற்கலாகாதென்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம். கசிப்பு விற்பவனோ வயதைக் கேட்பதில்லை!

"குளிருக்கு இதமல்லவா?" என்பார் உளர். அதுவே பொய், மது தோலைச் சூடாக்கி உடலின் வெப்பத்தை வெளியே விரட்டுகிறது.

அமெரிக்காவில் கிராண்ட், டாசன் என்னும் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட கணக்கைக் கேளுங்கள். 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பேர் வாழ்நாளில் என்றேனும் குடிக்கு அடிமையாயினர். 20 வயதிலோ அதற்குப் பின்னரோ தொடங்கியோரில் ஏறத்தாழ 10 பேரே. இளமையிற் குடித்ததுதான் காரணமா, வீட்டுச் சூழலும் பரம்பரையுமா என்று அறிஞர் வாதிடுகின்றனர். வாதிடட்டும்! எல்லாம் ஒரே லயத்து அறைக்குள் கூடிக் கிடக்கும் நமக்கு அவ்வாதத்தில் ஆறுதல் ஏது?

வெள்ளையராட்சி சாராய ரேந்தையால் கருவூலம் நிரப்பியது. இன்றைய அரசுக்கும் மதுவரி பெருவருவாய். தாய் கொழுந்து பறித்து ஈட்டும் கூலியும் அவ்வழியே போகிறது. ஆகவே, தோட்டந்தோறும் மாலையில் திறந்திருக்கும் படிப்பகம் ஒன்றும் விளையாட்டுத் திடல் ஒன்றும் வேண்டுமென நிர்வாகத்திடம் கேட்போம்; கசிப்புக் காய்ச்சுவோன்மீது வழக்குத் தொடரப் பொலிசை வற்புறுத்துவோம். அப்பன்மாரிடம் கேட்பது ஒன்றே: போத்தல் வாங்கப் பிள்ளையை அனுப்பாதீர்.